காகத்தில் படக்கூடாது

துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கும் படிவத்தில் மனைவி கையெழுத்து வைப்பதற்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது எனக்கு முன்பு தெரியாது. இந்த நாட்டில் நான் நிரப்பிய மற்றப் படிவங்கள் எல்லாம் என்னைப் பற்றித்தான் கேட்டன. எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், என்ன வேலை. இந்த ஒன்றுதான் என்னோடு இருப்பவளிடம் போய், இந்த மனுஷன் கையில் துவக்கு இருந்தால் உனக்குப் பயமில்லையா என்று விசாரித்தது. கெட்டிக்காரப் படிவம்.

மனைவி அதைக் குசினி மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள்.

“ஆரைச் சுடப் போறியள்?”

“ஒருத்தரையும் இல்லை. காகம் வெருட்ட.”

“காகத்தை வெருட்டக் கை தட்டினால் காணாதே?”

“அந்தக் கிழவன்ரை தோட்டம் எவ்வளவு பெரிசெண்டு தெரியுமே? கை தட்டித் தட்டி என்ரை கைதான் தேயும்.”

அவள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள். ஆனால் மூடியைத் திறக்கவில்லை.

“அப்ப மேலை பாத்து வெடியுங்கோ. சத்தத்துக்குப் பறந்திடும். காகத்திலை படக்கூடாது.”

“படாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தாள். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் எனக்கு அனுமதி வந்தது. ஆகவே இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் முதலில் நான் கொடுத்த அந்த வாக்குத்தான் இருக்கிறது. வாசிப்பவர்கள் அதை மறக்க வேண்டாம். நான்தான் மறந்தேன்.

காகத்தில் அவளுக்கு ஏன் அத்தனை கரிசனம் என்று கேட்டால், சனிக்கிழமை விரதக்காரி. நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடிப் பல்கணியில், சனிக்கிழமை தோறும் ஒரு பிடி எள்ளுச் சோறு வைப்பாள். காகம் எடுத்த பிறகுதான் தான் சாப்பிடுவாள். பதினாறு வருடமாக இதுதான் வழக்கம். இரண்டு காகங்கள் தவறாமல் வரும். “எங்கடை காகம்” என்றுதான் அவற்றைச் சொல்வாள். ஜனவரி மாதத்தில் சோறு கல்லாகிப் போகும் என்று, காகம் முன்மரத்தில் வந்து குந்திய பிறகுதான் சுடச்சுடக் கொண்டுபோய் வைப்பாள். இந்த வீட்டில் எனக்கே அந்த உபசாரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளுக்கு ஒரு தம்பி. சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். இறந்தான் என்று சொல்ல ஒருவரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. ஊரில் இருந்த அவளுடைய அம்மா, மகன் இருக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை யாரோ திவசம் பற்றித் தொலைபேசியில் கதை எடுத்ததற்கு, “என்ரை பிள்ளைக்கு உயிரோடை எள்ளுத் தண்ணி இறைக்கப் போறியளோ?” என்று கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அதன் பிறகு அந்தக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. சனிக்கிழமைச் சோற்றை வைக்கும்போது என் மனைவி ஒரு கணம் கண்ணை மூடுவாள். யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன்.

கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கட்டில் தள்ளும் வேலை. வார்ட்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து வார்ட்டுக்கு. இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு கிழவரை மூன்று கிழமை தள்ளினேன். பிரெஞ்சுக்காரர், கமக்காரர். கட்டிலில் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் ஊரில் என்ன பயிரிடுவீர்கள் என்று கேட்பார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தரிக்காய், மிளகாய், வெண்டிக்காய் என்று சொல்வேன். பயத்தங்காய்க்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. இரண்டு கையையும் விரித்து நீளத்தைக் காட்டுவேன். அதற்கு அவர் வலியையும் மறந்து சிரிப்பார்.

வீட்டுக்குப் போகும் நாளில், வந்து பார் என்றார். போய்ப் பார்த்தேன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, நகரம் இருக்கும் தீவை விட்டுப் பாலத்தால் இறங்கி, இன்னும் கொஞ்சத் தூரம். பெரிய சோளத் தோட்டம். அதன் ஓரமாக நீளத்துக்கு ஒரு துண்டு நிலம். அதை எனக்குக் காட்டி, உன்னுடைய கத்தரிக்காயை இங்கே நடு என்றார். வாடகை என்று ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் காகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் சோளக் கன்று இரண்டு விரல் உயரம் வந்ததும், காகம் வரிசையாக நடந்து வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடியில் இருக்கும் விதையைத் தின்றுவிடும். ஆகஸ்டில் சோளப் பொத்தியின் தலையைக் கிழித்துக் குடையும். முன்பு அவரே பார்த்துக்கொண்டார். இப்போது இடுப்பு விடாது.

முதல் வருடம் துவக்கில்லாமல்தான் பார்த்தோம். தகரப்பேணி கட்டினோம். மினுங்கும் நாடா கட்டினோம். பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று வாங்கி நட்டோம். மூன்றாம் நாள் ஆந்தையின் தலையில் ஒரு காகம் குந்தியிருந்து சொண்டு தீட்டியது. அதைப் பார்த்துவிட்டுக் கிழவர் வீட்டுக்குள் போய், இரும்பு அலுமாரியைத் திறந்து தன் பழைய துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சின்னத் துவக்கு. இருபத்திரண்டு என்று சொல்வார்கள். அதிலிருந்து போகும் சன்னம் ஒரு பயறு மணியின் தடிப்புத்தான் இருக்கும். அனுமதி எடு, அடுத்த வருடம் இதுதான் வழி என்றார்.

அனுமதிக்கு முதல் இரண்டு நாள் வகுப்பு. ஒரு மண்டபத்தில் இருபது பேர். படிப்பித்தவர் ஆளுக்கு ஆளாய் வந்து, இதற்கு முன் துவக்கைத் தொட்டிருக்கிறாயா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அது உண்மைதான். இருபது வயதில் ஒரு தடைமுகாமில் அதன் வாய் என் நெஞ்சில் பத்து நிமிடம் இருந்திருக்கிறது. ஆனால் அவர் கேட்டது நான் தொட்டேனா என்று. துவக்கைக் கையில் வாங்கியதும் அதன் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த ஞாபகம் விடாதது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வகுப்பில்தான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். துவக்கை ஒருபோதும் வானத்தைப் பார்த்து வெடிக்கக் கூடாது. அந்தப் பயறு மணி ஒரு மைலுக்கு மேல் போகும். எங்கே, யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் மண் இருக்க வேண்டும், எப்போதும் தாழத்தான் குறி வைக்க வேண்டும். அதாவது, மேலே பார்த்து வெடியுங்கள் என்று மனைவி போட்ட நிபந்தனை செல்லாது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கையெழுத்தைத் திருப்பிக் கேட்பாளோ என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

மே மாதம் தொடங்கினேன். சத்தியத்தை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும் என்று, தோட்டத்தின் முடிவில் இருந்த மண் அணையைப் பார்த்து வெடித்தேன். காகங்கள் முதல் சனிக்கிழமை பறந்தன. இரண்டாம் சனிக்கிழமை நாலடி தள்ளி நடந்தன. மூன்றாம் சனிக்கிழமை தலையைக்கூடத் தூக்கவில்லை. இருபத்திரண்டின் சத்தம் அவ்வளவுதான், காய்ந்த தடி ஒன்றை முறித்தது போல. ஒன்றுக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ட பிறகு அவை ஏன் பயப்பட வேண்டும்? நாலு வரிசை சோளம் மொட்டையாகிப் போனது. கிழவர் ஊன்றுகோலோடு வந்து பார்த்துவிட்டு, கொர்னெய் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றார். கொர்னெய் என்றால் பிரெஞ்சில் காகம். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. இலவசமாக நிலம் தந்த மனுஷன், ஊன்றுகோலோடு, மொட்டை வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னுடைய கத்தரிக் கன்றோ பக்கத்தில் தளதளவென்று நிற்கிறது.

நாலாம் சனிக்கிழமை, வரிசைக்கு நடுவில் நின்ற ஒரு காகத்தைத் துவக்கின் குறிக் கண்ணாடியில் பிடித்தேன். பின்னால் மண் இருந்தது. எல்லாம் படிப்பித்தபடிதான் செய்தேன். விரலை இழுத்தேன். காகம் விழும் என்று நினைத்திருந்தேன். விழவில்லை, குந்தியது. களைத்துப் போனவன் வழியில் குந்துவது மாதிரிக் குந்திவிட்டுப் பிறகு பக்கத்தில் சரிந்தது.

ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு வந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. மேலே வானம் கறுத்துப் போகிற அளவுக்கு வந்து, வட்டம் போட்டுக் கத்தின. எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் ஒப்பாரி வைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்காது. கால் மணி நேரம் கத்திவிட்டு, ஒரே நேரத்தில் அடங்கி, ஒரே நேரத்தில் போயின. கிழவருக்குச் சந்தோஷம். அதைக் காலில் கட்டித் தடியில் தூக்கி நடுத் தோட்டத்தில் தொங்கவிடு, பத்து வெருளிக்குச் சமம் என்றார். தொங்கவிட்டேன். காலில் பிடித்துத் தோட்டத்தின் நடுவால் கொண்டு போனேன். தொப்பி போட்டிருந்தேன், முகத்தை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டாள்.

“ஒண்டிலையும் படேல்லையே?”

“இல்லை.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்று சொல்வார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு காகத்தைச் சோற்றில் மறைத்தேன். எல்லாச் சனிக்கிழமையும் அல்ல, செப்டெம்பர் நடுப்பகுதி வரை பதினொன்று. காலை ஆறு மணிக்கு நான் காரை எடுத்துக்கொண்டு காகம் சுடப் போவேன். பத்து மணிக்கு அவள் காகத்துக்குச் சோறு வைப்பாள். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே பறவையோடு இப்படிச் சீவித்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்து நாளும் அங்கே தள்ளு, இங்கே தள்ளு, கதவைப் பிடி என்று மற்றவர்கள் சொல்லக் கேட்கிற எனக்கு, நான் பார்த்த இடத்தில் நான் நினைத்தது நடப்பது பிடித்திருந்தது. ஆயிரம் காகத்துக்கு ஒரு கல் என்று சும்மாவா சொன்னார்கள். ஒன்று விழுந்தால் ஒரு கிழமைக்குத் தோட்டம் துப்புரவாக இருக்கும். கிழவர் தோளில் தட்டுவார். தடியில் ஆடுவதைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் மனம் சுருங்கும். வீட்டுக்கு வரும் வழியில் பாலம் தாண்டினால் அதுவும் போய்விடும்.

ஆகஸ்ட் கடைசியில், வேலைக்குப் போக பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். பின்னால் மின்கம்பியில் ஒரு காகம் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். இன்னொன்று வந்தது. பஸ் வருவதற்குள் ஏழு எட்டுச் சேர்ந்து, குனிந்து குனிந்து என்னையே பார்த்துக் கத்தின. பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப் போய் நின்றாள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன.

எங்கள் தொடர்மாடியில் முதலாம் மாடியில் சென்னைக்காரப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். நடக்கப் போய்விட்டு வரும் வழியில் அந்தக் காட்சியைக் கண்டு நின்றுவிட்டார்.

“என்ன சார், உங்களுக்குத்தான் பாராட்டு விழாவா?”

“தெரியேல்லை. ரெண்டு மூண்டு நாளா இப்பிடித்தான்.”

“காக்காவுக்கு மனுஷன் மூஞ்சி ஞாபகம் இருக்கும் சார். ஒண்ணு பாத்துதுன்னா மத்ததுக்கும் காட்டிக் குடுத்துடும். வருஷக் கணக்கா மறக்காது. நீங்க என்ன பண்ணீங்க அதை?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

“நான் இஞ்சை ஒண்டும் செய்யேல்லையே.”

“இங்கன்னு இல்ல சார். கோடை முடியுற நேரத்துல சாயங்காலம் எல்லாம் சிட்டிக்குத்தான் தூங்க வரும். காலைல மேக்கால வயக்காட்டுக்குப் போய் மேஞ்சுட்டு வரும். முப்பது கிலோமீட்டர்லாம் அதுக்கு ஒரு தூரமா?”

அன்று பின்னேரம் பல்கணியில் நின்று பார்த்தேன். மேற்கிலிருந்து கறுப்பு நூல் போலக் காகங்கள் வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருடம் அவற்றைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வருகின்றன என்று யோசித்ததில்லை. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அடுத்த நாள் புதுத் தொப்பி வாங்கினேன். தொப்பியை மாற்றி என்ன, மூக்கை மாற்ற முடியுமா?

வீட்டில் மனைவிக்கு இது ஒன்றும் தெரியாது. அவளுடைய சனிக்கிழமைக் காகங்கள் வழக்கம்போல வந்து போயின. சனிக்கிழமைகளில்தான் நான் வீட்டில் இருப்பதில்லையே.

செப்டெம்பரில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

“தம்பிக்குச் செய்வம் எண்டு நினைக்கிறன்.”

நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அவளுடைய அம்மா அதற்கு முந்திய மாரியில்தான் காலமானார். செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்தோம். கொள்ளி வைக்க வேண்டிய மகன் இல்லாமல் பெரியப்பாவின் மகன் வைத்தார். அதிலிருந்து அவள் யோசித்திருக்க வேண்டும்.

“அம்மா இருக்கும் வரைக்கும் அவன் இருந்தான்,” என்றாள். “இனி நான் ஒருத்திதான். நானும் செய்யாமல் போனால் அவனுக்கு ஆர் இருக்கினம்? எங்கையோ பசியோடை நிக்கிறான் எண்டு நினைக்க ஏலாமல் கிடக்கு.”

கோயில் ஐயரிடம் கேட்டோம். நாள் தெரியாதவர்களுக்கு மாளயத்தில் செய்யலாம், புரட்டாசி அமாவாசைக்கு வீட்டில் படைத்துக் காகத்துக்கு வையுங்கள் என்றார். அந்த வருடம் அது ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று விடிய எழும்பித் தலை முழுகிச் சமைத்தாள். பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பயத்தங்காய், உளுந்து வடை, பாயாசம். தம்பிக்கு மிகவும் விருப்பமானது கத்தரிக்காய்ப் பால்கறி. கத்தரிக்காய் என் தோட்டத்துக் கத்தரிக்காய். முதல் நாள் பிடுங்கி வந்தது. அதைக் கழுவி நறுக்கும்போது, “நீங்கள் நட்டது அவனுக்கும் உதவுது,” என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போனவன் போல எழும்பிப் போனேன்.

உறைந்த வாழையிலையைச் சுடுநீரில் போட்டு விரித்தாள். தம்பியின் படம் ஒன்றுதான் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் எடுத்தது. இவ்வளவு காலம் அதற்குப் பூ வைத்ததில்லை. பூ வைத்தால் இறந்தவன் ஆகிவிடுவானே. அன்றுதான் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்து, எள்ளுப் போட்டுப் பிசைந்து, சின்ன இலைத் துண்டில் வைத்து என்னிடம் தந்தாள்.

“நீங்கள் வையுங்கோ. மச்சான் கையாலை வைச்சால் சந்தோஷப்படுவான்.”

பதினொரு மணி. நான் பல்கணிக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். முன் மேப்பிள் மரத்தில் அவளுடைய இரண்டு காகமும் இருந்தன. இலையைச் சுவரில் வைத்து, “கா, கா” என்று கூப்பிட்டேன். இரண்டும் என்னைப் பார்த்தன. பிறகு மரத்தின் உச்சிக்கு ஏறிக் கத்தத் தொடங்கின. சாப்பாட்டுக்குக் கூப்பிடும் சத்தம் அல்ல. பஸ் தரிப்பிடத்தில் கேட்ட அதே சத்தம். ஐந்து நிமிடத்தில் மரம் நிறையக் காகம். ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை.

நான் உள்ளே போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அவை அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டாயிற்று. ஒரு மணியாயிற்று. நான் அறைக்குள் போய் இருந்தேன். காகங்கள் போவதும், ஒன்றிரண்டு காவல் இருப்பதுமாக இருந்தன. மனைவி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று மணிக்குச் சோறு காய்ந்துவிட்டது என்று எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். அப்போதும் எடுக்கவில்லை.

நான் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். நாலு மணிக்கு அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. பத்து வருடம் குறைந்த முகம்.

“இஞ்சேருங்கோ. அது ஏன் எடுக்கேல்லை எண்டு விளங்குதே உங்களுக்கு?”

நான் எழும்பினேன்.

“அம்மா சொன்னது சரி. அவன் இருக்கிறான். உயிரோடை இருக்கிறவன்ரை சோத்தைக் காகம் தொடுமே? சனிக்கிழமை ஒருநாளும் வராமல் விடாத காகம். இண்டைக்கு மரம் நிறைய வந்து, எடுக்காதை எடுக்காதை எண்டு கத்துது. நான்தான் அவசரப்பட்டுட்டன்.”

படத்திலிருந்து பூவை எடுத்துவிட்டிருந்தாள். அது அவள் கையில் இருந்தது.

“நாளைக்குத் திருப்பிக் கடிதங்களைத் தொடங்குவம். படத்தைப் பெரிசாக்க வேணும். ஊருக்குப் போய், காணாமல் போன பிள்ளையளின்ரை படத்தோடை ரோட்டோரத்திலை குந்தியிருக்கிற அந்த அம்மாமாரோடை நானும் ஒருக்கால் இருக்கப் போறன்.”

அந்தக் கடிதங்களை எனக்குத் தெரியும். எட்டு வருடம் எழுதினாள். எந்தக் கந்தோர், எந்த முகாம், எந்தச் சங்கம் என்று இல்லை. ஒவ்வொரு பதிலும் வரும் நாளில் சாப்பிட மாட்டாள். பதில் வராத நாட்களிலும் சாப்பிட மாட்டாள். அம்மாவுக்கு முன்னால் நம்பிக்கை இருப்பது போல நடித்து நடித்து, நடிப்பு எது என்று அவளுக்கே தெரியாமல் போன காலம் அது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். நான் பேசாமல் இருந்தால் அவளுக்குத் தம்பி உயிரோடு இருப்பான். ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடினால் போதும். அத்தனை சனிக்கிழமைகளாகப் பழகிய வாய்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளுடைய தம்பியை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது கடவுள் அல்ல, காகமும் அல்ல. நான் செய்த கள்ளத்தனம். அதை நம்பி அவள் இன்னும் எட்டு வருடம் கடிதம் எழுதுவாள்.

“இஞ்சரும்,” என்றேன். “இரும். ஒண்டு சொல்ல வேணும்.”

அவள் கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

“அது தம்பியாலை இல்லை. என்னாலை. அதுகளுக்கு என்னைத் தெரியும். நான் மேலை பாத்து வெடிக்கேல்லை.”

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. முகத்திலிருந்து அந்தப் பத்து வருடமும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். தடியில் தொங்கவிட்டதையும் சொன்னேன். பேராசிரியர் சொன்னதையும் சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகு எதையும் மிச்சம் வைக்க முடியவில்லை.

“எத்தினை?” என்றாள்.

“பதினொண்டு.”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழும்பி முன்னறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். படத்துக்கு முன்னால் நின்று, கையிலிருந்த பூவைப் பார்த்தாள். படையலில் இருந்த கத்தரிக்காய்க் கறியைப் பார்த்தாள். அதை எடுத்துக் கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கொட்டவில்லை.

“அவனுக்குக் கத்தரிக்காய் விருப்பம்,” என்றாள். பூவைத் திரும்பப் படத்தில் வைத்தாள்.

பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“வெளியிலை போங்கோ. தூரமாப் போங்கோ. பொழுதுபட்டால் அதுகள் நித்திரைக்குப் போயிடும்.”

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வாசலைத் தாண்டியதும் இரண்டு காகம் மரத்தை விட்டுக் கிளம்பி என் பின்னால் வந்தன. மற்றவையும் சேர்ந்தன. நான் வேகமாக நடந்தேன். தெப்பனர் என்கிற மூலைக் கடை தாண்டி, இரண்டு தெரு தாண்டி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் தலைக்கு மேல் திட்டிக்கொண்டே வந்தன. தொப்பியைக் கழற்றினேன். முகத்தை நிமிர்த்திக் காட்டினேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

“நான் இஞ்சைதான் நிப்பன்,” என்று அவற்றுக்குச் சொன்னேன். “நீங்கள் அங்கை போங்கோ. அது நான் வைச்ச சோறில்லை. அவ வைச்சது. போங்கோ.”

பஸ்ஸுக்கு நின்ற பொடியன் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தரிப்பிடத்துக்குள் போய் வாங்குப் பலகையில் இருந்தேன். கொஞ்ச நேரம் கம்பியிலிருந்து கத்தின. பிறகு ஒன்று போனது. பிறகு இன்னொன்று. எந்தப் பக்கம் போனது என்று எழும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மேற்கே உயர்ந்த கட்டடங்களுக்குப் பின்னால் வெயில் சாய்ந்தது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முதல் தொலைபேசி அடித்தது. மனைவி. அவளுக்குப் பின்னால் மிகத் தெளிவாக, பல்கணிச் சுவரில் சொண்டு தட்டும் சத்தம் கேட்டது.

“வந்திட்டுது,” என்றாள் மிக மெதுவாக. அழுதுகொண்டிருந்தாள். “முதல் கத்தரிக்காயைத்தான் எடுத்தது.”

“நான் வாறன்,” என்று எழும்பினேன்.

“வேண்டாம். நீங்கள் இப்ப வராதேங்கோ,” என்றாள். “அவன் சாப்பிட்டு முடியட்டும்.”

நான் திரும்ப வாங்கில் இருந்தேன். ஒரு பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன்.